அலையின் உயரம்

அன்றைக்குக் கடல்
தட்டில் ஊற்றிய தேங்காயெண்ணெய் மாதிரி கிடந்தது.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் வள்ளம் திரும்பும்போது
அணியத்தில் ததேயு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு.
அமரத்தில் நான், எஞ்சின் கைப்பிடியோடு.
பாலித்தீன் கவருக்குள் போன் அதிர்ந்தது.
எடுத்தேன்.
இன்றோடு ரீசார்ஜ் முடிகிறதாம்.
அதை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகும்?
ஒரு கொட்டாவி நேரம்கூட இல்லை.
"லேய் கிளீட்டஸ், முன்ன பாரு"
பார்த்தபோது முன்னே கல் இருந்தது,
ததேயு இல்லை.

கரையில் ஓடிவந்தவர்கள்
என்னை எதுவும் கேட்கவேயில்லை.
"அலையாடே?" என்றார் யாரோ.
தலையாட்டினேன்.
அடுத்தவர் வாயில்தான்
தொடங்கியது என் பொய்.

போலீசிடம் அலை இடுப்பளவு.
மீன்துறை அதிகாரியிடம் ஆளுயரம்.
புதுக்கடை ரோட்டை மறித்து ஊரே உட்கார்ந்த அன்று
மைக்கைக் கையில் திணித்தார்கள்,
அங்கே அது ஒரு தென்னை உயரம்.
ஜனங்கள் அழுதார்கள். நானும் அழுதேன்,
அது மட்டும் நிஜம்.

மெற்றில்டா ஒன்றுதான் கேட்டாள்:
"கடைசியா எதாவது சொன்னாரா?"
உன் பேரைச் சொன்னான் என்றேன்.
அடகிலிருந்து மீண்ட நகைபோல்
அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில்
குடித்ததைச் சொன்னேன், அம்மையை ஏசியதைச் சொன்னேன்.
மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார் சாமியார்.
சொன்னேன்.

பிறகு லாரிகள் வந்தன.
சித்திரங்கோட்டுக் குவாரியிலிருந்து
ராவும் பகலும் கல்.
தூண்டில் வளைவு நீண்டது.
இந்த ஆடியில் ஒரு வள்ளமும் கவிழவில்லை.
"எல்லாம் நீ மைக்குல பேசினதாலடே" என்று
எரோணிமூஸ் அண்ணன் தோளில் தட்டுகிறார்.
வராத அலைக்குக் கட்டிய சுவர்
வருகிற அலைகளை நிறுத்துகிறது.
இதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை எனக்கு.

இருபத்தெட்டு நாளுக்கொருமுறை போன் அதிர்கிறது.
இரண்டு நாள் முந்தியே பணம் போட்டுப் பார்த்தேன்,
அது மூன்று நாள் முந்தி ஞாபகப்படுத்துகிறது.
எடுப்பதில்லை.
கைப்பிடியை இறுக்கிக்கொண்டு
முன்ன பார்க்கிறேன்.

அணியத்தில்
கயிற்றைச் சுருட்டிக்கொண்டு
அவன் மகன்.