மண் அணைத்தல்

அக்டோபர் முடிய ஒரு வாரம்.
போஸ்னான் நகரின் தெற்கு விளிம்பில்
தண்டவாளத்தை ஒட்டிய தோட்டத் துண்டுகளில்
என்னுடையது எழுபத்தொன்று.
எழுபத்திரண்டு லெஷெக்குடையது.
நடுவில் ஒரு கம்பி வேலி,
இரண்டு கோடைக்காலத்து மௌனம்.

ரோஜாதான் காரணம்.
ஒரு ஜூனில் அது அடங்காமல் பூத்து
வேலி தாண்டிக் கை நீட்டி
அவருடைய முட்டைக்கோஸ் மீதெல்லாம் இதழ் கொட்டியது.
குனிந்து களை பிடுங்கியவரின் சட்டையை
முதுகோடு கிழித்தது.
"உன் செடிக்கு நாகரிகம் தெரியவில்லை, தனுத்தா."
"உங்கள் முட்டைக்கோஸுக்கு மட்டும் தெரியுமாக்கும்."
அதோடு சரி.

ஜூன் பூக்களை நான் அவ்வளவாக மதிப்பதில்லை.
ஜூனில் யார்தான் பூக்கமாட்டார்கள்?
இரவு பத்து மணிவரை வெளிச்சம்,
தேனீக்களுக்குள் தள்ளுமுள்ளு,
ஒன்று உதிர்ந்தால் கணக்குப் பார்க்க ஆளில்லை.

ஆகஸ்டில் வாடிய தலைகளைக் கிள்ளி,
ஐந்திலைக் கொத்துக்கு மேலே சாய்வாக வெட்டி,
உரத்தை நிறுத்திவிட்டால்
பிறகு செய்ய ஒன்றுமில்லை.
காத்திருந்தேன் என்று பொய் சொல்லமாட்டேன்.
மறந்துபோனேன்.

மறந்த பிறகு வருகின்றன.
செடிக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு.
ஒரு மொட்டு விரிய எட்டு நாள்.
ஜூனில் வெளிறிப்போய் இருந்த ஆரஞ்சு
குளிரில் ஊறி ஊறி
செம்புப் பாத்திரத்தின் உட்புறமாகிவிட்டது.
காலையில் முகர்ந்தால் ஈர இரும்பின் வாசனைதான்.
நண்பகலில் சூரியன்
ஆப்பிள் மரத்துக்கு மேலே தலைகாட்டும் முக்கால் மணி நேரம்
மணக்கிறது பாருங்கள்,
சம்பள நாளில் மட்டும் தாராளமாகிவிடும் மனிதரைப் போல.

இருபத்தேழு வருடம் டிராம் ஓட்டியவள் நான்.
கடைசி வண்டியில் ஏறுகிறவர்களின் முகம் தெரியும்.
அவசரமெல்லாம் தீர்ந்துபோய்
ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளும் முகம்.

எழுபத்திரண்டில் இரண்டு வாரமாக ஆளில்லை.
முட்டைக்கோஸ் வெடித்துக் கிடக்கிறது.
ஏணியிலிருந்து விழுந்தாராம், இடுப்பெலும்பாம்.
தோட்டச் சங்கத்துப் பொருளாளர் சொன்னாள்,
சந்தா பாக்கியைப் பற்றிப் பேசும்போது, போகிற போக்கில்.

ஆஸ்பத்திரிக்குள் பூவுக்கு அனுமதி இல்லை,
கதவிலேயே ஒட்டியிருக்கிறார்கள்.
தெர்மாஸ் குடுவையில்
பாதி விரிந்த ஒன்றை நிற்கவைத்து
சூப் கொண்டுபோகிறவள் போல நடந்தேன்.
மூடியைத் திருகியதும்
மருந்து நெடிக்கு நடுவே
நண்பகல் ஆகிவிட்டது.

லெஷெக் மூக்கை உள்ளே விட்டார்.
நெடுநேரம் எடுக்கவில்லை.
பிறகு குடுவைக்குள்ளிருந்தே சொன்னார்:
"இலையில் கரும்புள்ளி."
"தெரியும்."
"உதிர்ந்ததைப் பெருக்கி வெளியேற்று. மக்குக் குழியில் போடாதே."
"தெரியும்."
"மண் அணைத்தாயா?"

நான் பேசவில்லை.

"உறைபனி முந்திக்கொள்ளும் இந்த வருஷம்.
ஒட்டுக் கட்டிய இடத்துக்கு மேலே ஒரு சாண்.
என் பக்கம் நல்ல மண் குவித்திருக்கிறது, அள்ளிக்கொள்."

ஐந்து மணி வெளிச்சத்தில்
முதன்முறையாக அவர் வாசல் வழியே நுழைந்தேன்,
இரண்டு வாளியோடு.
மண்ணில் கைவைக்குமுன் நிமிர்ந்து பார்த்தால்
வேலிக்கு அந்தப் பக்கம், இல்லை, இப்போது இந்தப் பக்கம்,
எல்லை தாண்டி வந்த அந்தக் கிளையை
அவர் வெட்டவே இல்லை.
கம்பியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்,
நீலக்கட்டம் போட்ட துணிக் கீற்றால்,
தண்டு பருக்க ஒரு விரல் இடம் விட்டு.
அந்தச் சட்டைதான்.
நுனியில் ஒரு பூ.
என் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாத பூ.

நான்கு வாளி மண் பிடித்தது.
கையுறையைக் கழற்றிவிட்டு அணைத்தேன்.
முள் ஒன்று கட்டை விரலில் தங்கிவிட்டது.
முடிச்சைத் தொடவில்லை.

முட்டைக்கோஸில் வெடிக்காதது இரண்டு தேறும்.
ஞாயிற்றுக்கிழமை உண்மையாகவே சூப் கொண்டுபோகலாம்.