சுவர் ஃபயர்

கொக்குவில் சந்திக்குக் கிட்ட
பாமசிக்கு மேல்மாடியில் எங்கட வகுப்பு.
நிர்வாகி எழுதிக் கொடுத்த துண்டைப் பார்த்த பெயின்ரர்
வடமொழி எழுத்து தனக்கு ஒத்துவராதெண்டு
'ஷு'வைச் 'சு' ஆக்கிவிட்டார்.
ஐ.ஈ.எல்.ரி.எஸ். சுவர் ஃபயர் வெற்றி.

"மிஸ், சுவர் எரியுமோ?"
பின்வாங்கில் டிலக்சன்.
எல்லாரும் சிரிச்சினம். நானும்தான்.

பலகையில் எழுதினேன்:
பெயரடை. பெயருக்கு முன்னால் வரும்.
தப்பாமல் பலிக்கும் திட்டம், வழி, மருந்து,
இவற்றுக்கு முன்னால் போடலாம்.
ஆளுக்கு முன்னால் போடுவது குறைவு.
நம்பிக்கையான மருமகன் எண்டு சொல்ல இது உதவாது.

"அப்ப ஃபயர் ஏன் மிஸ்?"
பழைய வழக்கு என்றேன்.
வினாத்தாளில் வராது என்றேன்.
அகராதியில் பார்த்திருந்தேன்:
விசையை இழுத்தால் வெடிக்கத் தவறாத துவக்கு.
அதுதான் இந்தச் சொல்லின் பிறந்த வீடு.

எங்கட வீட்டுக்கும் ஒன்று வந்தது.
அரியாலையில், கிணற்றடி வாய்க்காலில்,
அம்மா அரிசி களைந்த தண்ணி ஊற்றுகிற இடத்தில்
மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது ஷெல்.
வெடிக்கவில்லை.
அது மனம் மாறுமோ என்று
ஐந்து பேரும் குசினிக்குள் குந்தியிருந்தோம்.
உலையில் சோறு குழைந்துபோனது.
கனகாலம் கழித்து, கண்ணிவெடி அகற்ற வந்த பெடியன்
அதைத் தூக்கிக்கொண்டு போகேக்க சொன்னான்:
"செய்தவன் பிழையாச் செய்திருக்கிறான், அக்கா."

எந்த ஊர்த் தொழிற்சாலையோ.
நித்திரைத் தூக்கமோ, காதலோ,
சம்பளம் பிந்திய மாதமோ,
ஒரு திருகை அரைச்சுற்றுக் குறைவாய் முறுக்கியவன்.
அவனுக்கு முன்னால் என்ன பெயரடை போடுவது?
பதினேழு வருசமாய் இங்கிலிஷ் படிப்பிக்கிறேன்,
கிடைக்கவில்லை.

டிலக்சன் கொப்பியில் எழுதியிருந்தான்,
கனடா போகத் தப்பாத வழி இந்தச் சோதனை என்று.
இரண்டு தரம் கோட்டை விட்டவன்,
மார்கழியில் மூன்றாம் தரம்.
வசனத்தில் பிழையில்லை.
சரி போட்டேன்.

இறங்கி வந்து மதிலைப் பார்த்தேன்.
பூசாத மதில், பழைய ஓட்டைகள் அப்படியே.
பெயின்ரர் சிக்கனக்காரர்.
'சுவர்' என்பதன் கடைசி எழுத்துக்கு
அவர் குற்று வைக்கவில்லை.
சன்னம் போன துளை ஒன்று
சரியாய் அந்த இடத்தில் இருந்தது.