சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்

மஞ்சக்குப்பம் லேபில்
வெறும் வயிற்றில் ஒரு குழாய் ரத்தம் கொடுத்தாயிற்று.
"டிபன் சாப்பிட்டு, சரியா ரெண்டு மணி நேரத்துல வாங்கண்ணே"
என்றாள் ஊசி குத்திய ஜெசிந்தா.

ரெண்டு மணி நேரம் என்றால்
பாண்டிக்குப் போய்த் திரும்ப ஒரு நடை.
விசில் கொடுத்தேன்.

ரெட்டிச்சாவடியில் ஏறினார்கள்.
கன்னியக்கோயிலில் குடிக்க இறங்கியது நாலே பேர்.
கிருமாம்பாக்கத்தில் காலேஜ் பிள்ளைகள், படிக்கட்டு வரைக்கும்.
உள்ளே போ, உள்ளே போ என்று கத்துகிறேன்.
உள்ளே எங்கே போவது?

என் ரத்தமும் இப்படித்தானாம்.
ஏறிய சர்க்கரைக்கு இறங்கக் கதவு திறப்பதில்லை.
மிச்சம் கொழுப்பாகி ஈரலில் போய் நிற்கிறது,
டிப்போவில் இடமில்லாமல்
ரோட்டோரம் போட்ட வண்டி மாதிரி.

பதினெட்டு வருஷம்.
நடைக்கு ரெண்டு டீ, சர்க்கரை தூக்கலாக.
மதியச் சோறு நாலரைக்கு.
வண்டியை விட்டபின், பதினொரு மணிக்குப் பரோட்டா.
கை கால் இன்னும் குச்சிதான்.
பணப்பை மட்டும் முன்போல் தொங்குவதில்லை,
தொப்பைமேல் உட்கார்ந்து வருகிறது.

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்தொன்று.
நெஞ்சை அடைக்குது என்றார்.
வாயுதான் என்று
கோலி சோடா உடைத்துக் கொடுத்தது நான்.
முழுசாகக் குடித்தார்.

திரும்பும் நடை. அரியாங்குப்பம் பாலத்தில்
வண்டி நகரவில்லை, முன்னால் ஏதோ ஊர்வலம்.
ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.
முழங்கை மடிப்பில் பஞ்சு காய்ந்து ஒட்டியிருக்கிறது.
பின்சீட்டில் ஒருவர் டிக்கெட்டைத் திருப்பிக் காட்டுகிறார்:
"கண்டக்டர்,
பாக்கி?"