குறைந்தபட்சத் தேவை

பகாவ் கடைத்தெருவில் சர்வின்
பேரம் பேசி வாங்கிய கிராபிக்ஸ் கார்டு.
நாலு ஜிபி, முந்நூற்றிருபது ரிங்கிட்,
விசிறி கொஞ்சம் இரையும்.

பேய் விளையாட்டோ எட்டு ஜிபி கேட்கிறது.
நிழலை அணைத்தோம். மழையை அணைத்தோம்.
கண்ணாடியில் விழும் முகங்களையும்.
அப்படியும் நொடிக்குப் பதினொரு ஃபிரேம்தான்.

தாழ்வாரக் கோடியிலிருந்து அவள்
விட்டுவிட்டு வருகிறாள்:
அங்கே ஒரு கால்,
அப்புறம் கழுத்துக்குப் பக்கத்தில்.
நடுவில் நடந்ததைக்
கார்டு வரையவில்லை.

"முழுசாத் தெரிஞ்சா இவ்வளவு பயம் இருக்காதுடா"
என்றான் சர்வின்,
நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டபடி.

ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம்
கரண்டு போனது.
திரை இருண்டது.
ஜன்னலுக்கு வெளியே செம்பனை வரிசை,
ஒவ்வொரு ஓலையும் தனித்தனியாக,
அத்தனை துல்லியம்.

விசிறி மட்டும்
இன்னும் இரைந்துகொண்டிருந்தது.