இருபத்து மூன்றாவது முதல் நாள்

ப்ர்னோவில் பனி சேறாகும் மாதம்.
ரொட்டிக் கடைக்கு மேலே, இரண்டு மேசை போட்டு
நானும் போஹுமீரும் விற்கிறோம்
பலகை வெட்டக் கணக்குச் சொல்லும் ஒரு மென்பொருளை.
ஒரு முழுப் பலகையில் எத்தனை அலமாரிக் கதவு தேறும்,
எந்தப் பக்கம் ரம்பம் வைத்தால் துண்டு வீணாகாது,
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
முப்பது நாள் இலவசம்.
பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரம் கொருனா.

ஒஸ்த்ராவாவில் ஒருவர்
இருபத்திரண்டாவது முறையாக
முதல் நாளில் இருக்கிறார்.

முப்பதாம் நாள் இரவு அவர் கணினி இறக்கிறது.
மறுநாள் காலை ஏழே காலுக்குப் பிறக்கிறது.
அதே இரண்டு செயலி, அதே அறுபது ஜிபி வட்டு,
வரிசை எண் இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யங்கள்.
விசிறி இல்லை, சூடு இல்லை,
பேட்டரி கிழடாவதே இல்லை.
கூடு விட்டுக் கூடு பாய்கிறவர்
ஒவ்வொரு கூட்டிலிருந்தும் என்னிடம்
"நாம் முன்பு பார்த்ததில்லையே" என்கிறார்.
மின்னஞ்சலை மட்டும் மாற்றவில்லை.
திருட்டிலும் ஒரு சோம்பல்.

"மெய்நிகர் கணினி எதிலும் ஓடாதே என்று எழுதிவிடு,"
வாயில் பன்னோடு போஹுமீர்.
எழுதினேன். பதினோரு வரி.
வட்டின் பெயரை மோப்பம் பிடி,
கூடு என்று தெரிந்தால் கதவைச் சாத்து.
வெள்ளிக்கிழமை வெளியிட்டோம்.

திங்கள் காலை ஓலோமோட்ஸ் தச்சுப் பள்ளியிலிருந்து
க்வியெதா மாலிநோவா அழைத்தார்.
பதினெட்டு மாணவர், பதினெட்டு மெய்நிகர் கணினி,
பதினெட்டு உரிமமும் பணம் கட்டி வாங்கியது.
"இங்கே தேர்வு நடக்கிறது.
உங்கள் திரை என் பிள்ளைகளைத் திருடர் என்கிறது."
அந்த வாக்கியத்தை எழுதியவள் நான்தான்.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து கொளுத்திய வீட்டை
மாலைக்குள் அணைத்தேன்.

அப்புறம்தான் உறைத்தது,
கூட்டைக் கேட்டுப் பயனில்லை.
அவர் பழைய நகலுக்குத் திரும்பும்போது
நான் உள்ளே ஒளித்துவைத்த தேதியும் கூடவே திரும்பும்;
கடிகாரமும் அவர் பக்கம் சாட்சி சொல்லும்.
நாள் கணக்கை அவர் வீட்டில் வைத்தது என் தப்பு.
இங்கே கொண்டுவந்தேன்,
படிக்கட்டுக்குக் கீழே மாவுத் தூசி படியும் சர்வருக்கு.
ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு முப்பது நாள்.
இன்னொரு மின்னஞ்சல் எடுக்க மூன்று நிமிடம் போதும், தெரியும்.
மூன்று நிமிடமாவது ஆகட்டும்.

ஏப்ரல் முதல் தேதி ஏழே காலுக்கு வந்தார்.
திறக்கவில்லை.
ஏழு பதினாறுக்கு ஒரு தரம்.
ஏழு இருபதுக்கு.
பிறகு இல்லை.
பணமும் வரவில்லை, புது முகவரியும் வரவில்லை.
"ஜெயித்தோமா?" என்றார் போஹுமீர்.
பதிவேட்டை மூடினேன்.

மே முதல் தேதி
ஏழு பத்துக்கே வந்து
திரைமுன் உட்கார்ந்திருந்தேன்.
எட்டு மணிக்குப் பசித்தது.
இறங்கிப் போய், பூட்டிய ரொட்டிக் கடையின் முன் நின்றபோதுதான்
விடுமுறை நாள் என்பதே ஞாபகம் வந்தது.