வலது பார்க்கும் கிளி

மூன்று வாரத்துக்கு ஒருமுறை
அதே பிள்ளைகள்
அதே கட்டில்களுக்கு வருவார்கள்.
அதனால் அதே கதையை
அப்படியே சொல்ல முடியாது.

பல்லாவரத்தில் ஏறி
மாம்பலத்தில் உட்கார இடம் கிடைத்தால்
சேத்துப்பட்டு வருவதற்குள்
ஏதாவது ஒரு பழைய கதையைத் தையல் பிரித்து
மாற்றித் தைத்துவிடுவேன்.
ராஜாவுக்கு ஏழு மனைவி என்றால்
ஷாகிர் சிரிப்பான். ஒருத்தி போதும்.
மாமியாரைக் கிணற்றில் தள்ளும் கதையில்
கிணறு வற்றிக் கிடக்கிறது,
தண்ணி லாரி வரும்வரை
கிழவிக்கு ஆபத்தில்லை.

ஒன்றை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன்.
ஏழு மலை ஏழு கடல் தாண்டி
குகைக்குள் கூண்டு, கூண்டுக்குள் கிளி,
கிளிக்குள் அரக்கனின் உயிர்.
இங்கே கழுத்தைத் திருகினால்
அங்கே அவன் சாய்வான்.

எழும்பூரில், இந்த வார்டில்,
அதை எப்படிச் சொல்வது?
ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும்
கம்பியில் தொங்குகிறது ஒரு சிவப்புப் பை.
ஐயப்பன்தாங்கலிலோ மணலியிலோ யாரோ ஒருவர்
கொடுத்துவிட்டு, பிஸ்கட் தின்று,
மறந்தும்போன முந்நூற்றைம்பது மில்லி.
உயிர் வெளியே இருப்பது
இவர்களுக்குக் கதை இல்லை.

ஷாகிர்தான் கேட்டான்.
"எப்சிபா சிஸ்டர், கிளிக்கதை தெரியுமா?"
நரம்பைத் தேடிக்கொண்டே
முதல் தடவையாக
அரக்கன் பக்கம் நின்று சொன்னேன்.
கெட்டவன்தான், ஆனாலும்
நல்ல சாமானை எட்டாத இடத்தில் வைப்பது
எல்லாரும் செய்வதுதானே.
கிளியைக் கொல்ல வந்த ராஜகுமாரன்
படகு கிடைக்காமல் காசிமேட்டில் நிற்கிறான்,
மீன்பிடித் தடைக்காலம்.

ஊசி ஏறிவிட்டது.
அவன் கவனிக்கவில்லை.
நான்தான் கவனித்தேன்,
சொன்ன வாக்கியம் திரும்பிவந்து
என்னைப் பார்த்ததை.

எட்டாத இடம் என்றால்
எங்கள் வீட்டில் சமையலறைப் பரண்.
கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு அடியில் பிஸ்கட் டப்பா,
டப்பாவுக்குள் பழைய நைட்டித் துணி,
துணிக்குள் ஐந்து உளி, மை உருட்டும் ரப்பர் உருளை,
பாதி செதுக்கிய லினோலியத் துண்டு.
பதினொரு வருடம்.
கட்டுமரம் வரைக்கும் வெட்டியாயிற்று,
கடல் பாக்கி.
மகள் பிறக்கட்டும் என்றேன்,
பள்ளிக்கூடம் போகட்டும் என்றேன்,
பிறகு நைட் டூட்டி, அப்பாவின் மூட்டு.
யாரும் தடுக்கவில்லை.
அதைத்தான் சொல்ல வேண்டும்,
யாரும் தடுக்கவே இல்லை.

அன்று ராத்திரி பரண் ஏறினேன் என்று எழுதினால்
அழகாக இருக்கும்.
ஏறவில்லை.
ஸ்டூலின் ஒரு கால் ஆடுகிறது.

ஆனால் அவன் அடுத்த முறை வந்த அன்று
சாப்பாட்டு நேரத்தில்,
தேதி முடிந்த சர்ஜிக்கல் பிளேடால்
மகளின் அழிரப்பரைச் செதுக்கினேன்.
ஒரு கிளி. கொஞ்சம் கோழி மாதிரி.
ரெஜிஸ்டர் மேசையின் முத்திரை மையில் ஒற்றி
ஷாகிரின் கைப் பிளாஸ்டர் மேல் அழுத்தினேன்.

ஊதாக் கிளி.
இடது பார்க்கச் செதுக்கியது
வலது பார்த்துக்கொண்டு வந்தது.
அச்சில் இடம் வலமாகும் என்பதையே
கை மறந்திருக்கிறது.

அவன் பையையும் கிளியையும்
மாறி மாறிப் பார்த்தான்.
"கூண்டு எங்க சிஸ்டர்?"
ரப்பரில் இடமில்லை என்றேன்.
நிஜமும் அதுதான்.
"அப்ப இது பறந்துட்டது
அரக்கனுக்குத் தெரியுமா?"
சொட்டு எண்ணுவதுபோல் நடித்தேன்.
பதில் தைக்க மூன்று வாரம் இருக்கிறது.

இரண்டு கட்டில் தள்ளி ஜோவினா
கையை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறாள்.
யானை வேண்டுமாம், தந்தத்தோடு.
யானைக்கு அழிரப்பர் போதாது.
லினோலியம் வேண்டும்.
அதற்கு முன்னால்
ஸ்டூலுக்கு ஒரு ஆணி.