பென்சில் கனம்

பிப்ரவரி பதினொன்று, காலை ஆறேகால்.
நகராட்சி நிலவறைக் குழாயடியில்
வெப்பமானியை நீட்டினேன்.
ரெண்டரை டிகிரி.
ஏழு மணிக்கு உத்தரவு எழுதினேன்:

பெர்ச் லாண்டிங் நகரவாசிகளுக்கு.
இன்று முதல் மறு அறிவிப்பு வரை
வீட்டுக்கு ஒரு குழாய்
இரவும் பகலும் திறந்திருக்கட்டும்.
பென்சில் கனத்துக்கு.
சொட்டினால் போதாது, ஓட வேண்டும்.
கையொப்பம், லோர்னா பெல்கோலா,
நீர்வழங்கல் கண்காணிப்பாளர்.

ஒழுகும் வாஷரை உடனே மாற்றுங்கள் என்று
கோடைதோறும் துண்டுத்தாள் அடித்து
வீடு வீடாகச் செருகுவதும் இதே கைதான்.

வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள்:
எந்தப் பென்சில், தச்சனுடையதா, பள்ளிக்கூடத்ததா?
பள்ளிக்கூடத்தது, என்பேன்.
சீவாத பக்கம்.

இந்த ஏரிக்கரையில் குளிர்
நாளைக்கு ஒரு விரற்கடை மண்ணில் இறங்கும்.
மேலே வெயில் வந்துவிட்டது,
குழந்தைகள் குல்லாயைக் கழற்றிவிட்டார்கள் என்பதெல்லாம்
அதன் காதில் விழுவதில்லை.
குழாய் கிடப்பது ஆறடியில்.
குவாரித் தெருவில் மட்டும்
1931இல் தோண்டியவர்கள்
பாறை தட்டியதும் கடப்பாரையைப் போட்டுவிட்டார்கள்.
அங்கே நாலரை.
வரைபடத்தில் ஆறு என்றே எழுதியிருக்கிறது,
அழகான கையெழுத்தில்.

மார்ச் நாலு, இரவு ஒன்றரை.
தெருக்கோடி வீட்டிலிருந்து மார்செலின் போத்ரி அழைத்தாள்:
பென்சில் இப்போது ஊசியாகிவிட்டது.

ரெய்னோ இரும்புக் கம்பியை வால்வில் ஊன்றி
மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டான்.
வெகுநேரம் வைத்திருந்தான்.
"ஓட்டம் பத்தலை" என்றான்.
"பதினாலு வீட்டுத் தெருவுக்கு
எட்டு வீடுதான் இழுக்குது."

மீதி ஆறு வீடுகள் எவையென்று
பட்டியலைப் பிரிக்காமலே எனக்குத் தெரியும்.
கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
அக்டோபர் மூன்று. நிலுவை. மூன்று நோட்டீஸ்.
துண்டிக்கப்பட்டது.
கீழே அதே லோர்னா பெல்கோலா.

ஆறடிச் சாவியைத் தோளில் சாய்த்து
இடுப்பளவு பனியில் மூடிகளைத் தேடினோம்.
இரண்டு வீட்டு இணைப்பு
கல்லாய் இறுகிவிட்டிருந்தது.
நாலு திறந்தது.

முப்பத்தேழாம் எண்ணில் ஆள் இருந்தார்.
ஹாலிஸ் ட்ரெவாரோ, கம்பளிக்கு மேல் கம்பளி,
பின்னால் சுவரோரம் காலி பாட்டில்கள்.
"நான் இன்னும் கட்டலையே" என்றார்.
குழாயைத் திறங்கள் என்றேன்.
"அஞ்சு மாசமாய்க் குடிக்கக் கேட்டேன், இல்லைன்னீங்க.
இப்போ வீணாக்கச் சொல்லி
அர்த்தராத்திரியில் வந்து நிக்கிறீங்க."
என்னிடம் பதில் இல்லை, படிவம் இருந்தது.
நீட்டினேன்.
அவர் கையெழுத்துப் போடவில்லை.
முதலில் கெட்டிலை நிரப்பினார்,
பிறகு வாளியை, பிறகு எல்லாப் பாத்திரத்தையும்.
அதற்கப்புறம்தான்
தண்ணீரைச் சும்மா ஓட விட்டார்.
விடிவதற்குள் மார்செலினின் ஊசி
பென்சிலாயிற்று.

ஏப்ரல் கூட்டத்தில் தணிக்கையாளர் கேட்டார்:
நாலு வீட்டுத் தண்ணீர், வரவில்லாச் செலவு,
எந்தத் தலைப்பில்?
குழாய்ப் பாதுகாப்பு, என்றேன்.
எழுதிக்கொண்டார்.
எத்தனை நாளைக்கு?
உத்தரவு இருக்கும் வரைக்கும்.

உத்தரவு எப்போது போகும் என்பதற்கு விதி உண்டு:
மண்ணின் உறைபனி விலகிவிட்டதாகக்
கண்காணிப்பாளர் பதிவு செய்யும் நாளில்.
மற்ற தெருக்களுக்கெல்லாம்
மே மூன்றாம் தேதியே பதிந்துவிட்டேன்.

இன்று ஜூன் ஆறு.
அலுவலக வாசலில் லைலாக் பூத்துக் கொட்டுகிறது.
வண்டியில் சாவி வெயிலில் சுட்டுக் கிடக்கிறது.
பதிவேட்டைத் திறந்து
குவாரித் தெரு என்பதற்கு நேரே,
நாலரை அடியில் இன்னும் உறைபனி,
என்று எழுதினேன்.

ரெய்னோ எட்டிப் பார்த்தான்.
தோண்டிப் பார்க்கட்டுமா என்று
அவன் கேட்கவில்லை.